நெருப்பில்லாத வண்டி

ஜோங்கியின் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. விடிந்ததிலிருந்து அவனுக்கு அது ஒன்றுதான் கவலை.

"சுரபாயாக்காரர் பிச்சுட்டார், அக்கா. நல்ல சட்டை. போன கிறிஸ்துமஸுக்கு எடுத்தது."

தியோர்லான் சிஹோதாங் காபியிலிருந்து நிமிரவில்லை. ஒரு பஸ் கம்பெனியில் இருபது வருஷம், பயணிகள் தொலைத்த மூட்டைகளைத் தேடிக் கொடுத்தவள் அவள். கம்பெனி படுத்த பிறகு மேடான் பஸ் நிலையத்துக்கு எதிரே, டயர் கடைக்கு மேலே, ஓர் அறை எடுத்துத் தொலைந்த ஆட்களைத் தேடுகிறாள். மூட்டை பொய் சொல்லாது, ஆள் சொல்லும், வேறு வித்தியாசம் இல்லை என்பாள்.

ஜோங்கி அவளுக்கு உதவியாள். பெலவான் துறைமுகத்தில் சிமெண்ட் மூட்டை தூக்கி, முதுகில் ஓர் எலும்பு இடம் மாறிய பிறகு பெதோர் ஓட்ட வந்தவன். பைக்குக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் தொட்டி ஒன்றை ஒட்ட வைத்தால் அது பெதோர். அவள் போகிற இடத்துக்கெல்லாம் அந்தத் தொட்டியும் அவன் வாயும் போகும்.

"என்ன பண்ணே அவரை?"

"நல்லதுதான் பண்ணேன். விமான நிலையத்துக்கு அவசரமாப் போகணுமாம். 'கெரெத்தா எங்க கிடைக்கும், சீக்கிரம் கூட்டிட்டுப் போ'ன்னார். என் மச்சான் வாடகைக் கடையில கொண்டுபோய் நிறுத்தினேன். நல்ல ஹோண்டா கெரெத்தா, ரெண்டு டயரும் புதுசு. அதைப் பார்த்ததும் சட்டையைப் பிடிச்சுட்டார்."

"ஹோண்டா பிடிக்கலையோ என்னவோ."

"யமஹாவும் இருக்குன்னு சொன்னேனே. அப்பதான் பொத்தான் போச்சு."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டாமல் ஒரு பெண் உள்ளே வந்தாள். அவளுக்கு முன்னால் வெங்காய வாடை வந்தது. விரல் நுனிகள் வெந்து தோல் உரிந்து வெளுத்திருந்தன. சந்தையில் மூட்டைக்கு இவ்வளவு என்று வெங்காயம் உரிக்கிறவளின் கை அது. பின்னாலேயே இஸ்திரி போட்ட சட்டையும் குறுக்கே தொங்கும் தோல்பையுமாக ஓர் ஆள் வந்தான்.

"இவங்க போனிராம்மா. நான் எதிர்வீட்டு ஹெர்மான்," என்றான் அவன். "இவங்க பொண்ணு ரத்மியைக் காணோம். பத்தொன்பது வயசு. அழுதுட்டே சந்தைக்கும் வீட்டுக்கும் ஓடிட்டிருந்தாங்க. நான்தான் கூட வந்தேன்."

போனிரா தன் போனை நீட்டினாள். திரையில் கீறல் விழுந்திருந்தது. தியோர்லான் படித்துவிட்டு ஜோங்கியிடம் கொடுத்தாள்.

"அம்மா, என்னைத் தேட வேண்டாம். வேலை கிடைச்சிருக்கு. கெரெத்தா ஏறிட்டேன். போய்ச் சேர்ந்ததும் பேசுறேன்."

ரத்மியின் எண்ணிலிருந்து காலை ஏழு பத்துக்கு வந்திருந்தது. இப்போது மணி எட்டு இருபது. அதற்குப் பிறகு அந்தப் போன் அணைந்து கிடக்கிறது.

"அஞ்சு மணிக்கு சந்தைக்குப் போறேன்னு எனக்கு முன்னாடி கிளம்பினாம்மா," என்றாள் போனிரா. "நான் போய்ப் பாத்தா அவ கத்தி அப்படியே இருக்கு, மூட்டை அப்படியே இருக்கு. போன வருஷம் எங்க சந்துல ஒரு பொண்ணு இப்படித்தான். வேலை கிடைச்சிருக்குன்னு ஒரு வரி வந்தது. தஞ்சோங் பாலாய்ல படகேத்தி கடலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயிட்டாங்க. காகிதமில்லை, முத்திரையில்லை. இன்னைக்கு வரைக்கும் குரல்கூட வரலை. படகு ஏறிட்டா என் பொண்ணும் அவ்வளவுதான்."

"கெரெத்தான்னு எழுதியிருக்காளே. யார் கெரெத்தா?" என்றாள் தியோர்லான்.

பதில் ஹெர்மானிடமிருந்து வந்தது. "வேற யாரு? பட்டறைப் பையன் பார்லின். தினம் அவன் கெரெத்தாவுலதான் ஒட்டிக்கிட்டுப் போவா. தெருவே பாத்திருக்கு. சந்தை முனைச் சாவடி போலீஸ்கிட்ட சொல்லிட்டோம், அவனைப் பிடிச்சு வச்சிருக்காங்க. அவன் வாய் திறக்கணும், அவ்வளவுதான். நீங்க வந்து கேட்டா திறப்பான்."

பைக்குக்கு அந்த ஊரில் கெரெத்தா என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. பார்லினிடம் பைக் இருந்தது. கணக்கு நேராகத்தான் இருந்தது. நேராக இருக்கும் எதையும் தியோர்லான் இரண்டாவது தடவை பார்ப்பாள் என்று ஜோங்கிக்குத் தெரியும். அவள் செய்தியை இரண்டாவது தடவை படித்தாள்.

"எழுந்திரு. சாவடிக்குப் போறோம்."

"நாலு பேரு அக்கா. என் தொட்டியில ரெண்டு பேரு. மூணாவது ஆளு ஏறினா சக்கரம் சர்ச்சுக்குப் போய்ப் பாவமன்னிப்புக் கேட்கும்."

"ஆங்கோத்ல போவோம்."

ஆங்கோத் என்கிற ஷேர் வேன் நிறைந்து வந்தது. எதிரெதிர்ப் பலகையில் முட்டி முட்டியை இடிக்க உட்கார்ந்தார்கள். கதவில்லாத வாசலில் ஜோங்கி ஒரு காலில் தொங்கினான். டிரைவர் பீடி வாயோடு பாட்டு வைத்திருந்தான். சந்தை முனை வந்தது.

"கிரி, அண்ணே," என்றான் ஹெர்மான்.

வண்டி நிற்கவில்லை. கிரி என்றால் இடது. டிரைவர் இடது பக்கம் எட்டிப் பார்த்தான். "இடது பக்கம் என்னண்ணே? அழகா ஏதாவது போகுதா?"

ஆங்கோத் சிரித்தது. ஹெர்மானும் சேர்ந்து சிரித்தான்.

"பிங்கிர்," என்றாள் தியோர்லான். வண்டி ஓரம் கட்டி நின்றது.

இறங்கும்போது ஹெர்மானின் சட்டை மடிப்பை அவள் ஒரு கணம் பார்த்தாள். தொலைந்த மூட்டையைத் தன்னுடையது என்று சொல்லி வருகிறவனை அவள் அப்படித்தான் பார்ப்பாள். ஜோங்கி அதைப் பார்த்தான். புரியவில்லை. பசித்தது.

சாவடி என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு மேசை, சார்ஜென்ட் சிலாலாஹி. வாசலில் அவருடைய போலீஸ் பைக் நின்றது. பெஞ்சில் பார்லின் உட்கார்ந்திருந்தான். கை முழுக்கக் கிரீஸ். உதடு வீங்கியிருந்தது. போனிரா அவனைப் பார்த்தாள், நேராகப் போனாள், வீங்காத பக்கம் ஓர் அறை விட்டாள்.

"எங்கடா என் பொண்ணு?"

"தெரியாதும்மா," என்றான் பார்லின். கன்னத்தைக்கூடத் தடவவில்லை.

"காலையிலேருந்து இதேதான், தங்கச்சி," என்றார் சார்ஜென்ட், தியோர்லானிடம். "தெரியாது, தெரியாது. இவன் கெரெத்தா பிரிச்சுப் போட்டுக் கிடக்குங்கிறான். நானும் பாத்தேன், பிரிச்சுதான் கிடக்கு. ஆனா பட்டறையில வேற பத்து கெரெத்தா நிக்குதே. எதுலயாவது கொண்டுபோய் விட்டுட்டு வந்திருப்பான்."

"ஏழு பத்துக்கு நீ எங்க இருந்தே?" என்று தியோர்லான் பையனைக் கேட்டாள்.

பார்லின் வாசலைப் பார்த்தான். "அதோ அந்தக் கெரெத்தாவுக்கு அடியில."

"எது?"

"சார்ஜென்ட்டோடது. ஆறரைக்கே கொண்டுவந்து விட்டார். பிரேக் மாத்தச் சொன்னார். பக்கத்து ஸ்டூல்ல உட்கார்ந்து டீ குடிச்சிட்டே இருந்தார். இந்தம்மாவும் இந்த அண்ணனும் வந்து சொன்ன பிறகு, அதே ஸ்டூல்லேருந்து எழுந்து என்னைப் பிடிச்சார்."

"சாட்சி பலமா இருக்கே," என்றான் ஜோங்கி. "டீக்கு யார் காசு கொடுத்தது?"

சார்ஜென்ட் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். அடுக்க அங்கே இரண்டு காகிதம்தான் இருந்தது.

"இவனே போகணும்னு இல்லையே," என்றான் ஹெர்மான் மெதுவாக. "கூட்டாளி யாரையாவது கெரெத்தாவோட அனுப்பியிருக்கலாம். இவனை நல்லா விசாரிங்க சார். மத்தியானத்துக்குள்ள சொல்லிடுவான்."

"ஏன் மத்தியானம்?" என்றாள் தியோர்லான்.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அவள் பார்லினின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். "ரத்மி உன்கிட்ட என்ன சொன்னா? அவ அம்மாகிட்டச் சொல்லாததைச் சொல்லு."

பையன் போனிராவைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான்.

"அக்கரையில ரப்பர் கையுறை ஃபேக்டரியாம். ஒரு பொம்பளை வந்து பேசினாளாம். ரெண்டு வருஷம் போனா அம்மா கத்தியைக் கீழ போட்டுடலாம்னா. காகிதமெல்லாம் சரியா இருக்கான்னு நான் கேட்டேன். சண்டை வந்துடுச்சு. நாலு நாளா பேசலை. என் கெரெத்தாவுல ஏறவே மாட்டேன்னுட்டா."

"எனக்காகவா?" என்றாள் போனிரா, யாரிடம் என்றில்லாமல்.

தியோர்லான் அந்தக் கீறல் போனை மறுபடி எடுத்தாள். மூன்றாவது தடவை படித்தாள். ஜோங்கி நான்கு வருஷத்தில் அவள் மூன்றாவது தடவை படித்துப் பார்த்ததில்லை.

"ஜோங்கி. அந்த சுரபாயாக்காரர் உன் சட்டையை ஏன் பிடிச்சார்?"

"இப்பவா அக்கா பொத்தான் பஞ்சாயத்து?"

"சொல்லு."

"விமானம் போயிடும்னு. அவர் கேட்டது ரயிலாம். அவங்க ஊர்ல, ஜாவா பூரா, ரயிலைத்தான் வெறும் கெரெத்தாங்கிறாங்களாம். நாம எப்படிச் சொல்லுவோம்? கெரெத்தா ஆப்பி. நெருப்பு வண்டி. அந்த நெருப்பையும் சேர்த்துச் சொல்லியிருந்தா நான் நேரா ஸ்டேஷன்ல இறக்கியிருப்பேன். அவர் நெருப்பை விட்டுட்டார், நான் பொத்தானை..."

அவன் வாய் அப்படியே நின்றது. வாய் நிற்பது அவனுக்கே புதிது.

"போனிராம்மா," என்றாள் தியோர்லான், "ரத்மி ரயிலை என்னன்னு சொல்வா?"

"கெரெத்தா ஆப்பின்னுதான். நாங்க எல்லாருமே அப்படித்தானே. இந்த ஊர்ல பிறந்த பொண்ணும்மா."

"அப்போ இதை எழுதினது ரத்மி இல்லை. அவ போன் இன்னொருத்தர் கையில இருந்தது. எழுதின ஆளுக்கு நம்ம ஊர்ப் பேச்சு அரைகுறை. பொய்தான் எழுத உட்கார்ந்தான். ஆனா அவளை அப்பதான் ரயில் ஏத்திவிட்டு வந்திருக்கான், அது கையில தானா வந்துடுச்சு. ஏழு மணிக்கு தஞ்சோங் பாலாய் ரயில். ஏழு பத்துக்குச் செய்தி. நாம எல்லாரும் அதைப் படிச்சிட்டு பைக்கைத் தேடிக்கிட்டு நிக்கிறோம்."

"அடக் கடவுளே," என்றார் சார்ஜென்ட்.

"தப்பா எழுதிட்டோம்னு அவனுக்கே அப்புறம்தான் தெரிஞ்சிருக்கும். இந்தம்மா 'யார் கெரெத்தா, யார் கெரெத்தா'ன்னு தெருவுல அழுதப்போ. அதுவும் நல்லதுக்குத்தான்னு பட்டறைப் பையனைக் கைகாட்டிட்டான்." அவள் திரும்பினாள். "ஹெர்மான் அண்ணே, நீங்க பிறந்தது எங்க?"

"இங்கேதான். குளுகூர். எல்லாருக்கும் தெரியுமே."

"குளுகூர்ல பிறந்தவன் ஆங்கோத்தை எப்படி நிறுத்துவான், ஜோங்கி?"

"பிங்கிர்னு கத்துவான். நம்ம ஊர்ல குழந்தை அம்மான்னு சொல்லக் கத்துக்கும், அடுத்து அதைத்தான் கத்துக்கும்."

"இவர் என்ன சொன்னார்?"

"கிரின்னார். ஜாவாவுல அப்படித்தான் நிறுத்துவாங்க. இங்க சொன்னா டிரைவர் இடது பக்கம் பொண்ணைத் தேடுவான்."

ஹெர்மான் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றது. "ஒரு வார்த்தைக்காக ஒரு மனுஷனை..."

"ரெண்டு வார்த்தை. அந்தப் பையைத் திறங்க."

அவன் பையைத் திறக்கவில்லை. வாசலைத் தாண்டினான். சார்ஜென்ட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவதற்குள் போலீஸ் பைக்கில் ஏறிவிட்டான். சாவி அதிலேயே இருந்தது. உறுமிக்கொண்டு சந்தைப் பக்கம் பாய்ந்தான்.

"போகட்டும்," என்றான் பார்லின், பெஞ்சைவிட்டு எழாமல். "முன் பிரேக்கைக் கழட்டிட்டேன். பின் பிரேக்கைக் கழட்டிட்டேன். மாட்டறதுக்கு முன்னாடிதான் என்னைப் பிடிச்சாங்க. சார்ஜென்ட் அப்படியே உருட்டிட்டு வந்துட்டார்."

சந்து முனையில் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு வெங்காய வியாபாரி பாட்டனார் வரை இழுத்து யாரையோ திட்டுவது கேட்டது.

மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஹெர்மானை இரண்டு சுமைக்காரர்கள் தூக்கி வந்தார்கள். அவன் பைக்குள் நான்கு போன்கள் இருந்தன. நான்கும் அணைத்திருந்தன. ஒன்றின் முதுகில் பூப் படம் ஒட்டியிருந்தது. போனிரா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரத்மியோடதுதான் என்று தலையை ஆட்டினாள்.

"நாலு," என்றான் ஜோங்கி.

"கிசாரான்ல ரயில் நிக்கும். பத்தே முக்காலுக்கு," என்றாள் தியோர்லான். "அதுக்கு அடுத்தது தஞ்சோங் பாலாய். அங்கே இறங்கினா கூட்டத்துல படகுத்துறைக்கு நடந்துடுவாங்க. சார்ஜென்ட், கிசாரானுக்கு போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்க."

சார்ஜென்ட் போனை எடுத்தார். "பண்றேன் தங்கச்சி. ஆனா உண்மையைச் சொல்றேன், கடிதம் கேட்பாங்க. வெங்காயம் உரிக்கிறவ பொண்ணுக்காக யாரும் ஓடி வர மாட்டாங்க. நீங்க ஓடுங்க."

ஓடினார்கள். ஜோங்கியின் மச்சான் ஒருவன் கிசாரானுக்கு ஆள் ஏற்றும் வேன் வைத்திருந்தான். வேனில் ஏற்கெனவே ஒரு கல்யாண வீட்டு அம்மாள், மடியில் மஞ்சள் மசாலா மீன் பானையோடு இருந்தாள்.

"இன்னும் நாலு ஆள் ஏறணும், மச்சான்," என்றான் டிரைவர். "பாதி வண்டியோட போனா என் பொண்டாட்டி கேட்பா."

"உன் பொண்டாட்டி என் தங்கச்சி. நான் சொல்லிக்கிறேன். எடு."

நெடுஞ்சாலையில் இருபக்கமும் எண்ணெய்ப் பனைகள் வரிசை வரிசையாகப் பின்னால் ஓடின. போனிரா முன் இருக்கைக் கம்பியை விடவே இல்லை. மீன் பானை அம்மாள் விஷயம் கேட்டாள். கேட்ட பிறகு டிரைவரின் தோளில் ஓர் அடி வைத்தாள். "மிதிடா. குழம்பு சிந்தினா நான் பாத்துக்கிறேன்."

குழம்பு சிந்தியது.

கிசாரான் ஸ்டேஷனுக்குள் அவர்கள் நுழைந்தபோது ரயில் நின்றுகொண்டிருந்தது. சார்ஜென்ட் சொன்னபடியே, யாரும் வந்திருக்கவில்லை. வாயிற்காவலர் டிக்கெட் கேட்டார். ஜோங்கி அவர் கையில் மச்சானின் வேன் சாவியை வைத்தான். "பிடிச்சு வைங்க அண்ணே, திரும்பி வருவோம்." அவர் சாவியைப் பார்த்து முடிப்பதற்குள் மூவரும் உள்ளே இருந்தார்கள்.

மூன்றாவது பெட்டியில் ரத்மி ஜன்னலோரம் இருந்தாள். சுற்றி வேறு மூன்று பெண்கள், மடியில் துணிப்பை. எதிரே தலையில் நீலத் துணி போட்ட ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். போனிராவின் வெங்காயக் கையைப் பார்த்ததுமே அவள் எழுந்து கழிவறைப் பக்கம் நடந்தாள். பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை.

"எதுக்கும்மா வந்தே?" என்றாள் ரத்மி. அழவில்லை. கோபமாகத்தான் இருந்தாள். "போய்ச் சேர்ந்து போன் பண்ணலாம்னு இருந்தேன். நான் வரலை. அந்த மூட்டையெல்லாம் நீயே உரி."

கம்பியைப் பிடித்த போனிராவின் விரல்களில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. ரயில் ஒரு தடவை ஊதியது.

"உன் போன் எங்கே?" என்று தியோர்லான் கேட்டாள்.

"பதிவு பண்ணணும்னு வாங்கினாங்க. படகுல தருவாங்க."

"அப்போ இதை எழுதினது யாரு?"

ரத்மி கீறல் திரையைப் பார்த்தாள். உதடு அசைய மெதுவாகப் படித்தாள். "கெரெத்தா ஏறிட்டேன்" என்ற இடத்தில் நின்றாள். மேடான் பெண் அவள், நிற்காமல் இருக்க முடியாது.

"நான் இப்படிப் பேசமாட்டேனே," என்றாள்.

எழுந்தாள். பையை எடுத்தாள். மற்ற மூவரையும் பார்த்தாள். "இறங்குங்கடி," என்றாள். இரண்டு பேர் உடனே எழுந்தார்கள். மூன்றாமவளுக்கு இன்னும் பதினெட்டு ஆகியிருக்காது. அவள் கழிவறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ரயில் போய்விட்டது. நடைமேடை வெயிலில் காய்ந்தது. தாயும் மகளும் ஒரு தூணுக்கு இருபக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை. மற்ற இரண்டு பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவினார்கள். தியோர்லான் கொஞ்சம் தள்ளி நின்று சார்ஜென்ட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாமவள் ஜோங்கியிடம் வந்தாள். பனந்தோட்டத்துப் பெண். கணுக்காலில் முள் கீறிய தழும்புகள் வரி வரியாக இருந்தன.

"அண்ணே, ரத்மி அம்மாவுக்குச் செய்தி போயிருக்கே. அப்போ என் போன்லேருந்தும் எங்க வீட்டுக்குப் போயிருக்கும், இல்லையா?"

"போயிருக்கும்."

"என்ன எழுதினாங்க?"

அந்தப் போனை மேடானில் யாரும் திறந்து பார்க்கவில்லை.

அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள். "எங்க வீட்டுலேருந்து யாரும் வரலையே. அதான் கேட்டேன். அப்படி என்னதான் எழுதினாங்கன்னு."

எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறவன், பொத்தான் போன இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான்.